கண்ணில் மிதக்கும் புள்ளிகள்: வெளிநாட்டில் இருப்பவர் எதற்கு அவசரப்பட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்

கேட்டவருக்கு வயது 36. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6 பவர். வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறார். எட்டு மாதமாக வலது கண்ணில் நூல் போலவும் சிலந்திவலை போலவும் ஏதோ மிதக்கிறது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாலும் வானத்தைப் பார்த்தாலும் கூடவே வருகிறது. அங்கே ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். 'இது நிறையப் பேருக்கு வருவது, பழகிவிடும்' என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டாராம். மறுபடி பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் விடுமுறையில் ஊருக்கு வரும்போது லேசர் வைத்து எடுத்துவிடலாமா, அதுவரை போட்டுக்கொள்ளச் சொட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

சிகிச்சை உண்டா என்று கேட்டிருந்தாலும் இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கண்ணுக்குள் ஆபத்தாக ஏதாவது நடக்கிறதா என்பது ஒன்று. ஆபத்து இல்லையென்றால் இந்தத் தொல்லையை எடுத்துவிட முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நீங்கள் இருக்கும் நாட்டிலேயே, ஊருக்குப் போகும் நாளை எதிர்பார்க்காமல் பதில் வாங்க வேண்டும். இரண்டாவதற்கு அவசரமே கிடையாது. விழித்திரைப் பிரிவில் பல வருடம் நோயாளிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெளிநாட்டில் இருப்பவர்கள் பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அவசரமாகப் பார்க்க வேண்டியதை 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்கிறார்கள்; நிதானமாக முடிவு செய்ய வேண்டியதை மூன்று வார லீவுக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். உங்கள் கண்ணை நான் பார்க்கவில்லை, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் நீங்கள் சொல்லவில்லை. ஆகவே கீழே வருவது பொதுவான விளக்கம். உங்கள் கண்ணுக்கான முடிவு, அதை நேரில் பார்ப்பவரிடம்தான் இருக்கிறது.

கண்ணின் உள்ளே, லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவில் உள்ள இடத்தை விட்ரியஸ் என்ற தெளிவான ஜெல் நிரப்பியிருக்கிறது. அளவு ஏறக்குறைய 4 மில்லிலிட்டர். அதில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். மிச்சம் மெல்லிய கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும். வயது ஏற ஏற இந்த ஜெல் அங்கங்கே நீர்த்துப்போகும். தனித்தனியாகப் பரவியிருந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகும். அந்தக் கற்றையின் நிழல் விழித்திரையில் விழும்போது நூல், புள்ளி, வலை என்று தெரிகிறது. நீங்கள் பார்ப்பது அந்த நிழலைத்தான்; இதைத்தான் ஃப்ளோட்டர்ஸ் என்கிறோம். அதனால்தான் வெள்ளைச் சுவர், நீல வானம், வெளிச்சமான திரை போன்ற பின்னணியில் அதிகமாகவும் மங்கலான அறையில் குறைவாகவும் தெரிகிறது. கண்ணை அசைத்தால் கூடவே ஓடி, நிறுத்தினாலும் கொஞ்சம் நகர்ந்துவிட்டு நிற்பதற்குக் காரணமும் அது ஜெல்லுக்குள் மிதப்பதுதான். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களின் கண் நீளமாக இருக்கும்; அவர்களுக்கு ஜெல் நீர்த்துப்போவது மற்றவர்களைவிட முன்னதாகவே தொடங்கிவிடும். மைனஸ் 6 பவரோடு 36 வயதில் ஃப்ளோட்டர்ஸ் வந்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இன்னொரு கட்டம் இருக்கிறது, கவனிக்க வேண்டியது அதுதான். ஜெல் சுருங்கிச் சுருங்கி ஒரு நாள் விழித்திரையின் பின்பக்கத்தை விட்டுப் பிரிந்து முன்னால் வரும். டாக்டர்கள் இதை பிவிடி என்பார்கள். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் நடப்பது; கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் முன்னதாகவே நடக்கலாம். பிரியும்போது பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த பகுதி வளையமாகக் கழன்று வருவதுண்டு. அதை வைஸ் வளையம் என்கிறோம். பெரிய, தனியான, ஓரளவு வட்டமான ஒரே ஒரு ஃப்ளோட்டர் என்று நோயாளி சொன்னால் முதலில் அதைத்தான் தேடுவோம். லேசர் பற்றிப் பேசும்போது இந்த வளையம் மறுபடி வரும்.

ஜெல் பிரிவது இயற்கைதான், வியாதி இல்லை. ஆனால் எங்காவது விழித்திரையோடு இறுக்கமாக ஒட்டியிருந்தால், பிரியும்போது அந்த இடத்தை இழுக்கும். இழுக்கும்போது இருட்டில், பெரும்பாலும் ஓரப் பார்வையில், மின்னல் வெட்டுவது மாதிரி தெரியும். இழுப்பு பலமாக இருந்தால் விழித்திரை கிழியும். புதிதாக ஃப்ளோட்டர்ஸும் மின்னலும் வந்து, ஜெல் பிரிந்திருக்கலாம் என்ற சந்தேகத்தோடு வந்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் 14 சதவீதம் பேருக்கு விழித்திரையில் கிழிசல் இருந்தது. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெல்லுக்குள் இரத்தமும் கசிந்திருந்தால் இந்த வாய்ப்பு இன்னும் பல மடங்கு கூடும். கிழிசல் கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சுற்றிலும் லேசர் வைத்து அடைத்துவிடலாம். உட்கார்ந்தபடியே சில நிமிடங்களில் முடிகிற வேலை. கவனிக்காமல் விட்டால் அதன் வழியாகத் திரவம் உள்ளே புகுந்து விழித்திரையே கழன்று வரலாம். அப்போது ஆபரேஷன்தான், அதுவும் நடுப்பார்வைக்கான மாக்குலா என்ற பகுதி கழல்வதற்குள் செய்தாக வேண்டும். அது கழன்ற பிறகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

அதனால் சில அறிகுறிகளுக்கு அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே கண் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். திடீரென்று புதிதாக நிறையப் புள்ளிகள் கொட்டுவது, கரி தூவியது மாதிரியோ புகை பரவியது மாதிரியோ தெரிவது, புதிதாக மின்னல் வெட்டுவது, ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல் வருவது, பார்வை சட்டென்று மங்குவது. வலி இருக்காது. வலி இல்லையே என்று இருந்துவிட்டவர்கள்தான் எங்களிடம் தாமதமாக வருகிறவர்கள். எட்டு மாதமாக ஒரே மாதிரி இருக்கும் ஃப்ளோட்டர் இந்தப் பட்டியலில் சேராது. ஆனால் நாளைக்கே அது மாறினால் உங்கள் கணக்கும் புதிதாகத் தொடங்குகிறது. எட்டு மாதத்துக்கு முன் 'ஒன்றும் இல்லை' என்று சொன்னது அன்றைய கண்ணைப் பற்றி.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உண்மையான சிக்கல் இந்த இடத்தில்தான். சில நாடுகளில் நேராகக் கண் டாக்டரிடம் போக முடியாது. குடும்ப டாக்டர் கடிதம் கொடுக்க வேண்டும், அப்புறம் வரிசை. சில இடங்களில் கண்ணாடிப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்தான் முதல் படி. 'ஃப்ளோட்டர்ஸ் இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் வரவேற்பில் இருப்பவர் அதைச் சாதாரண வரிசையில் போட்டுவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அவசர அறிகுறி இருந்தால் அதற்கான வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டும்: 'சடன் ஆன்செட்', 'நியூ ஃப்ளோட்டர்ஸ் வித் ஃப்ளாஷஸ்', 'ஷேடோ இன் மை விஷன்', 'ஹை மயோப்' (கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்). என்றைக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளூர் மொழி ஆங்கிலம் இல்லை என்றால் இந்த நான்கையும் அந்த மொழியில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரங்களில் கண்ணுக்கென்றே அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை இருக்கும். அது எங்கே இருக்கிறது, இரவில் திறந்திருக்குமா, உங்கள் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லுமா என்பதை இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நிழல் இறங்கிய பிறகு தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உண்மையிலேயே இல்லாத அறிகுறியைச் சொல்லி வரிசையில் முந்த வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பின்னால் நிஜமாகவே கிழிசலோடு ஒருவர் நின்றிருப்பார்.

சரி, அந்த ஐந்து நிமிடப் பரிசோதனை போதுமானதா? எத்தனை நிமிடம் என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது, என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். கண்பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து விட்டு, இருபது முப்பது நிமிடம் உட்கார வைத்து, அப்புறம் பார்த்தாரா? தலையில் மாட்டிய விளக்கும் கையில் லென்ஸுமாக உங்களை மேலே, கீழே, ஓரத்தில் என்று எல்லாத் திசையிலும் பார்க்கச் சொன்னாரா? விழித்திரையின் விளிம்பைக் கொண்டுவருவதற்காக இமை மேல் லேசாக அழுத்தினாரா? இதெல்லாம் நடந்து 'கிழிசல் இல்லை' என்றால் அந்தப் பதிலை நம்பலாம், அவர் எவ்வளவு குறைவாகப் பேசியிருந்தாலும் சரி. சொட்டு மருந்தே விடாமல் பார்த்திருந்தால் விழித்திரை ஓரம் யாராலும் பார்க்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். கேமராவில் எடுக்கும் அகலமான விழித்திரைப் படம் உதவியாக இருக்கும், ஆனால் ஓரத்தை நேரில் பார்ப்பதற்கு அது முழு மாற்று ஆகாது. விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும் அப்படித்தான்: மாக்குலாவை அருமையாகக் காட்டும், ஓரக் கிழிசலைத் தவறவிடும். இரத்தம் மறைத்து உள்ளே தெரியாதபோது பி ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கலாகவும் வெளிச்சம் கூச்சமாகவும் இருக்கும். காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அந்தப் பரிசோதனையின் எழுத்து ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கண்ணிலும் பிவிடி நடந்திருக்கிறதா இல்லையா, ஓரத்தில் லாட்டிஸ் என்ற மெலிந்த பகுதி இருக்கிறதா, ஜெல்லுக்குள் அழற்சி செல்களோ இரத்தமோ இருக்கிறதா, கண் அழுத்தம் எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். லாட்டிஸ் என்று எழுதியிருந்தால் பயந்துவிட வேண்டாம். அது பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாகக் காணப்படுவது, அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எதுவும் நடப்பதில்லை. பிவிடி நடந்திருக்கிறதா என்ற ஒரு வரிதான் பிற்பாடு சிகிச்சை பற்றிப் பேசும் எந்த டாக்டருக்கும் முதலில் தேவைப்படும். புதிதாகப் பிரிந்திருந்தால் முதல் பரிசோதனையில் கிழிசல் இல்லாவிட்டாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் இன்னொரு முறை பார்ப்பார்கள். தாமதமாக வரும் கிழிசல் சிலருக்கு உண்டு.

ஃப்ளோட்டர்ஸ் என்று வருகிற எல்லாமே வயதான ஜெல் அல்ல என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவருக்கு அது இரத்தக் கசிவாக இருக்கலாம். கண் சிவந்து, கூசி, மங்கலாகவும் இருந்தால் உள்ளே அழற்சி இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, காரணத்தையும் தேட வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் வந்து அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி சம்பந்தப்பட்டது, கண்ணுக்குள் நடப்பது இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஆபத்து இல்லை என்று தெளிவான பிறகும் தொல்லை தொல்லைதான். 'பழகிவிடும்' என்று சொல்லி அனுப்பப்பட்டவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆறுக்கு ஆறு பார்வை இருந்தும் ஃப்ளோட்டர்ஸால் கான்ட்ராஸ்ட்டை, அதாவது வெளிர் பின்னணியில் வெளிர் எழுத்தைப் பிரித்தறியும் திறன் குறைவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். சுவரில் உள்ள எழுத்துப் பலகை அதைக் காட்டாது. சிங்கப்பூரில் செய்து 2011ல் வெளியான ஒரு ஆய்வில், இந்தத் தொல்லை போவதற்காக மிச்சமுள்ள ஒவ்வொரு 10 வருட ஆயுளிலும் சராசரியாக ஒரு வருடத்துக்குமேல் விட்டுக்கொடுக்கத் தயார் என்று நோயாளிகள் சொன்னார்கள். ஆகவே உங்களுக்கு மனப்பிரமை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதே சமயம் 'பழகிவிடும்' என்பது வெறும் சமாதான வார்த்தையும் இல்லை. புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஆறு மாதம், ஒரு வருடத்தில் நடுப்பார்வையை விட்டுக் கொஞ்சம் விலகிக் கீழே இறங்கும். மூளையும் அவற்றைப் பொருட்படுத்தாமல் விடக் கற்றுக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கணிசமான பேருக்குத் தொல்லை தானாகக் குறைகிறது. எல்லோருக்கும் குறைவதில்லை. இளம் வயதில், கிட்டப்பார்வையோடு வருகிறவர்களுக்கு விழித்திரைக்கு ரொம்பப் பக்கத்தில் இழைகள் இருப்பதால் நிழல் கூர்மையாக விழும், மெதுவாகத்தான் பழகும்.

சொட்டு மருந்து கேட்டீர்கள். ஜெல்லில் உள்ள கொலாஜன் கற்றையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இல்லை. இணையத்தில் விற்கும் பாட்டில்கள், அன்னாசிப்பழ நொதி மாத்திரை, கண் உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சில சத்து மாத்திரைகளைப் பற்றிச் சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன, ஓரளவு பலன் என்றும் சொல்கின்றன. அதை நம்பிச் செலவு செய்யச் சொல்லும் அளவுக்கு அவை வலுவானவை இல்லை. மிகக் குறைந்த அளவு அட்ரோபின் விட்டுப் பாப்பாவைக் கொஞ்சம் விரித்து நிழலை மங்கச் செய்யும் முறையைச் சில டாக்டர்கள் முயல்கிறார்கள். அது புள்ளியை எடுக்காது, தெரிவதைக் குறைக்கும், அவ்வளவுதான். கேட்டுப் பார்க்கலாம், நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை யாராவது அனுப்பி வைத்தால் தொடவே வேண்டாம். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடலாம், கண்புரையும் வரலாம்.

லேசர் விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் அதிகம் எதிர்பார்ப்பது அதைத்தான். யாக் லேசர் என்பது 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கணநேரத் துடிப்பை அனுப்பி, கற்றையைச் சிறிய துண்டுகளாகச் சிதறடிக்கும், கொஞ்சம் ஆவியாக்கவும் செய்யும். வெளி நோயாளியாகவே முடிந்துவிடும். 1980களிலிருந்தே இருக்கும் முறை. 2017ல், வைஸ் வளையம் உள்ள 52 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான லேசரும் மற்றதற்கு லேசர் போன்ற பாவனையும் செய்து பார்த்த ஒரு ஆய்வு வெளியானது. ஆறு மாதம் கழித்து லேசர் பிரிவில் 54 சதவீத அளவுக்குத் தொல்லை குறைந்தது, பாவனைப் பிரிவில் 9 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் அந்த 52 பேரும் யார் என்று பாருங்கள்: ஜெல் முழுதாகப் பிரிந்து, வளையம் ஒன்று தனியாக, விழித்திரையை விட்டும் லென்ஸை விட்டும் போதிய தூரத்தில் மிதந்தவர்கள். உங்கள் வயதில், நூலும் வலையுமாக, ஜெல் இன்னும் பிரியாமல் இருந்தால் அந்தப் பலன் உங்களுக்கும் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. விழித்திரைக்குப் பக்கத்தில் உள்ள கற்றையைச் சுட்டால் விழித்திரையில் படும் அபாயம் உண்டு. லென்ஸில் பட்டுக் கண்புரை வந்ததும், கண் அழுத்தம் ஏறி இறங்காமல் போனதும் பதிவாகியிருக்கின்றன. நீண்ட காலப் பலன் பற்றிய ஆதாரமும் குறைவு. வளையம் ஒன்று, 60 வயது, லென்ஸிலிருந்து தூரம் என்றால் லேசரைப் பற்றித் தாராளமாகப் பேசுவேன். எல்லா ஃப்ளோட்டருக்கும் லேசர் என்று விளம்பரம் செய்யும் இடத்தைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள் என்பேன்.

முழுசாக எடுக்கும் வழி விட்ரெக்டமி. ஜெல்லையே வெட்டி உறிஞ்சிவிட்டு அதன் இடத்தில் உப்புநீர்க் கரைசல் நிரப்பும் ஆபரேஷன். ராபர்ட் மாக்கமர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கியது. இன்று அரை மில்லிமீட்டர் அகலத் துளைகள் வழியாக, பெரும்பாலும் தையலே இல்லாமல், கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்து முடிக்கிறார்கள். ஃப்ளோட்டர்ஸ் போகுமா என்றால் போகும், செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகவே இருக்கிறார்கள். விலையையும் சொல்ல வேண்டும். 50 வயதுக்கு மேற்பட்ட, இயற்கை லென்ஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் கண்புரை ஆபரேஷன் தேவைப்படும். விழித்திரை கிழிவதும் கழல்வதும் நூற்றில் சிலருக்கு நடக்கிறது. ஆய்வுக்கு ஆய்வு இந்த எண் ஏறி இறங்குகிறது. கண்ணுக்குள் தொற்று என்பது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் வந்தால் கண்ணையே பறிக்கக் கூடியது. உங்களைப் போல இளம் வயது, அதிக மைனஸ் பவர், ஜெல் பிரியாத கண் என்றால் ஆபரேஷனின்போது ஜெல்லை விழித்திரையிலிருந்து வலிந்து பிரிக்க வேண்டிவரும். கிழிசல் அபாயம் அப்போதுதான் கூடுகிறது. பின்பக்க ஜெல்லை அப்படியே விட்டுவிட்டு நடுவில் மட்டும் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அபாயம் குறையும், மிச்சமுள்ள ஜெல் பிற்பாடு பிரியும்போது புதிய ஃப்ளோட்டர் வரலாம். ஆபத்தில்லாத ஒரு நிழலுக்காக நன்றாகப் பார்க்கும் கண்ணில் கை வைக்கலாமா என்பதில் அனுபவமுள்ளவர்களே ஒத்துப்போவதில்லை. என் கருத்தைக் கேட்டால்: குறைந்தது ஒரு வருடம் மாறாமல் இருந்து, வாசிப்பதையும் வண்டி ஓட்டுவதையும் வேலையையும் நிஜமாகவே கெடுத்து, ஜெல்லும் தானாகப் பிரிந்திருந்தால் பேசலாம். பிரியாத 36 வயதுக் கண்ணில் நான் தயங்குவேன்.

இப்போது விமானம். ஃப்ளோட்டர்ஸோடு பறக்கலாமா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். தாராளமாகப் பறக்கலாம், பறப்பதால் அவை கூடுவதில்லை. புதிய மின்னலோ புள்ளிக் கொட்டலோ வந்த நிலையில் மட்டும் காட்டாமல் ஏறாதீர்கள். காற்றழுத்தம் கெடுக்கும் என்பதற்காக இல்லை, ஏறிய பிறகு பல மணி நேரத்துக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பதற்காக. ஆபரேஷனுக்குப் பிறகு பறப்பது வேறு கதை. விழித்திரை கிழிந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். விமானம் மேலே போகும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், குமிழி விரியும், கண் அழுத்தம் எகிறி இரத்த ஓட்டமே நின்று பார்வை போகலாம். வெறும் காற்று என்றால் கரைய ஒரு வாரம் போல, எஸ்எஃப்6 வாயு என்றால் இரண்டு மூன்று வாரம், சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். குமிழி முழுதும் கரைந்தது என்று டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை விமானமும் கூடாது, உயரமான மலைப்பாதையும் கூடாது. அதுவரை வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கூடாது. அதற்காகக் கையில் பட்டை ஒன்று கட்டி விடுவார்கள், அதைக் கழற்றாதீர்கள்.

ஃப்ளோட்டர்ஸுக்கான விட்ரெக்டமியில் சாதாரணமாக வாயு வைப்பதில்லை. ஆனால் செய்துகொண்டிருக்கும்போது கிழிசல் ஒன்று கண்ணில் பட்டால் வைக்க வேண்டிவரலாம், அது முன்கூட்டித் தெரியாது. மூன்று வார லீவில் வந்து இரண்டாவது வாரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர், திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குமிழி கரையக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தொற்று வந்தால் முதல் சில நாட்களிலேயே வரும். விழித்திரை கழல்வது முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் வரலாம். சொட்டு மருந்து ஏறக்குறைய ஒரு மாதம். ஆகவே எங்கே ஆபரேஷன் செய்தாலும், அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதம் அவசரத்துக்கு ஒரு விழித்திரை சர்ஜனிடம் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க முடியுமா என்பதுதான் முக்கியம். ஊரில் செய்துகொண்டு திரும்பி வந்தால், வேறொருவர் செய்த ஆபரேஷனின் சிக்கலைப் பார்க்க அங்கே உள்ளவர்கள் தயங்கலாம், இன்ஷூரன்ஸும் கையை விரிக்கலாம். வாய்ப்பிருந்தால் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே செய்வதுதான் என் முதல் சிபாரிசு. ஊரில்தான் என்றால் நீண்ட விடுப்போடு வாருங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒன்று. கிழிசலுக்கான லேசரும் ஃப்ளோட்டருக்கான லேசரும் அவர்கள் பார்வையில் வேறு வேறு. முதலாவதை அவசர சிகிச்சையாக ஏற்பார்கள். இரண்டாவதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் தேதி குறிக்க வேண்டாம்.

அதுவரை என்ன செய்யலாம்? வெளியே கூலிங் கிளாஸ் போடுங்கள். திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி வெளிச்சத்தைக் குறையுங்கள். புள்ளி நடுவில் வந்து நின்றால் கண்ணை மேலும் கீழுமாக இரண்டு முறை ஆட்டுங்கள், உள்ளே திரவம் சுழன்று அதைக் கொஞ்சம் நகர்த்தும். காலையில் எழுந்ததும் வெள்ளைச் சுவரில் அது இருக்கிறதா என்று தேடும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். தேடத் தேட மூளை அதை விடாது. மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கண்ணாக மூடி, ஓரப் பார்வை நாலு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். தனியாக இருக்கும் ஊரில் இது மனதை ரொம்பவும் அரிக்கிறது, தூக்கம் போகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கவலை கூடினால் புள்ளி அதிகம் தெரியும், புள்ளி தெரிந்தால் கவலை கூடும். கவலைக்குத் தனியாக உதவி வாங்கியதால் ஃப்ளோட்டர் தொல்லையே பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, உங்கள் விஷயத்தில்: சொட்டு மருந்து விட்டு ஓரம் வரை பார்த்தார்களா என்று முதலில் ரிப்போர்ட்டைக் கேட்டு உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் அங்கேயே, தனியாரிடம் காசு கொடுத்தாவது, ஒரு முறை பார்த்துவிடுங்கள். விடுமுறைக்கு வரும்போது அந்த ரிப்போர்ட், ஓசிடி படங்கள், கண்ணாடிப் பவர் மூன்றையும் எடுத்து வந்து ஒரு விழித்திரை நிபுணரிடம் இரண்டாம் கருத்து வாங்குங்கள். ஜெல் பிரிந்திருக்கிறதா, என் ஃப்ளோட்டர் லேசருக்கு ஏற்ற இடத்தில் இருக்கிறதா, என்னைப் போன்றவர்களுக்கு நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு விழித்திரை கழன்றது என்று நேராகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்பவரிடம் தொடர்ந்து பேசலாம். 'யாருக்குமே ஆனதில்லை, நாளைக்கே வாருங்கள்' என்பவரிடம் அந்த விடுமுறையில் தேதி வாங்காதீர்கள்.